துளசிக்கு எத்தனை பெயர்? நொச்சிக்கு எந்த வீடு?
வாசகர் கேள்வி – பதில்

துளசி, திருநீற்றுப்பச்சை, கற்பூரவல்லி, நொச்சி ஆகியவற்றின் தாவரவியல் பெயர்களைப் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். இவை எல்லாமே புதினாவின் உறவுக்காரச் செடிகள். குடும்பப் பெயர் லேமியேசி. பூவின் உதடு போன்ற அமைப்பை வைத்து லேபியேட்டே என்றும் பழைய நூல்களில் பார்ப்பீர்கள். இரண்டு குடும்பப் பெயரையுமே தாவரப் பெயரிடல் விதிமுறை ஏற்கிறது.

நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய துளசிப் பொடி டப்பாவில் 'ஆசிமம் சாங்டம்' என்று போட்டிருக்கிறது. நர்சரியில் வாங்கிய துளசி நாற்றின் அட்டையில் 'ஆசிமம் டெனுயிஃபுளோரம்' என்றிருக்கிறது. இரண்டும் ஒரே செடியா? எது சரி?
– வாசகி, பாளையங்கோட்டை

ஒரே செடிதான். நர்சரி அட்டையில் இருப்பதுதான் இன்று செல்லும் பெயர்.

இரண்டு பெயரையும் வைத்தவர் ஒருவரே, சுவீடன் நாட்டு லின்னேயஸ். 1753இல் வெளியான 'ஸ்பீசிஸ் பிளாண்டாரம்' நூலில் ஆசிமம் டெனுயிஃபுளோரம் என்று ஒரு செடியை விவரித்தார். டெனுயிஃபுளோரம் என்றால் மெல்லிய பூ உடையது. பதினான்கு ஆண்டு கழித்து, 1767இல் 'மாண்டிஸ்ஸா பிளாண்டாரம்' நூலில் ஆசிமம் சாங்டம் என்று இன்னொன்றைச் சேர்த்தார். சாங்டம் என்றால் புனிதமானது. பிற்காலத்தில் இரண்டு பெயருக்கும் அடிப்படையான மாதிரிகளை ஒப்பிட்டபோது இரண்டும் ஒரே சிற்றினம் என்று தெரிந்தது. தாவரப் பெயரிடலின் பன்னாட்டு விதிமுறைப்படி, ஒரு சிற்றினத்துக்கு இரண்டு பெயர் இருந்தால் முதலில் வெளியானது நிற்கும், மற்றது இணைப்பெயராகிவிடும். பொருளின் அழகையோ, எது அதிகம் புழங்குகிறது என்பதையோ விதி பார்ப்பதில்லை. புழக்கத்தில் வேரூன்றிய பெயரைக் காப்பாற்றித் தரும்படி தனியாக விண்ணப்பித்து ஒப்புதல் பெற வழி உண்டு. துளசிக்கு அப்படிக் காப்புப் பெற்ற பெயர் ஏதும் இல்லை.

பிறகு ஏன் சாங்டம் இன்னும் நிற்கிறது? இந்தியத் தாவரங்களுக்கு அடித்தளமான நூல்கள் அந்தப் பெயரைத்தான் எடுத்துக்கொண்டன. ஹூக்கரின் பிரித்தானிய இந்தியத் தாவர நூலிலும், சென்னை மாகாணத் தாவரங்களுக்காகக் கேம்பிள் எழுதிய நூலிலும் துளசி சாங்டம்தான். அங்கிருந்து பாடநூல்களுக்கும் மருந்து நூல்களுக்கும் டப்பாக்களுக்கும் போயிற்று. டப்பாவில் பழைய பெயர் இருப்பதால் உள்ளே இருப்பது போலி என்று ஆகாது.

ஆனால் ஆய்வுக் கட்டுரை தேடுகிறவர்கள் கட்டாயம் இரண்டு பெயரிலும் தேட வேண்டும். 2015ஆம் ஆண்டில் துளசியின் முழு மரபணுத் தொகுதியை இரண்டு இந்தியக் குழுக்கள் தனித்தனியே வெளியிட்டன. பெங்களூருக் குழு டெனுயிஃபுளோரம் என்று தலைப்பிட்டது, லக்னோ குழு சாங்டம் என்று எழுதியது. ஒரு பெயரில் மட்டும் தேடினால் பாதி அறிவு கண்ணில் படாமலே போய்விடும்.

வகைப்பாட்டில் துளசி நிற்கும் இடம் இது: துறை லேமியேல்ஸ், குடும்பம் லேமியேசி, துணைக்குடும்பம் நெப்பிட்டாய்டியே, அதற்குள் ஆசிமியே என்ற கூட்டம், பேரினம் ஆசிமம். புதினாவும் இதே துணைக்குடும்பம்தான், கூட்டம் மட்டும் வேறு: மெந்தியே. நெப்பிட்டாய்டியேயில் சேர்ந்தவை பெரும்பாலும் வாசனை எண்ணெய் நிறைந்தவை. ரோஸ்மரினிக் அமிலம் இருக்கும், மகரந்தத் துகளில் ஆறு பள்ளங்கள் இருக்கும். தும்பையும் பேய்மிரட்டியும் இதே குடும்பமானாலும் லேமியாய்டியே என்ற வேறு கிளை. அங்கே மகரந்தத் துகளில் பொதுவாக மூன்று பள்ளங்கள்தான்.

கிருஷ்ண துளசியும் ராம துளசியும் தனித்தனிச் சிற்றினங்களா?
– வாசகர், கும்பகோணம்

இல்லை. கிருஷ்ண துளசியின் கருஞ்சிவப்புக்குக் காரணம் ஆந்தோசயனின் என்ற நிறமி. வெயில் அதிகமானால் நிறம் ஏறும், நிழலில் வைத்தால் பச்சை மேலோங்கும். ஒரே செடியின் விதையிலிருந்து அடர்நிற நாற்றும் வெளிர்நிற நாற்றும் கலந்து முளைப்பதும் உண்டு. பூ, புல்லிவட்டம், விதை எதிலும் இரண்டுக்கும் சிற்றின அளவு வேறுபாடு கிடையாது.

கடையில் சப்ஜா விதை வாங்கி, துளசி விதை என்று நம்பி விதைத்தேன். இலை வழவழப்பாக, பளிச்சென்ற பச்சையாக வந்திருக்கிறது. வாசனையும் வேறு. ஏமாந்துவிட்டேனா?
– வாசகி, ஈரோடு

விதை சரியானதுதான், பெயரில்தான் குழப்பம். சப்ஜா என்பது திருநீற்றுப்பச்சையின் விதை. தாவரவியல் பெயர் ஆசிமம் பாசிலிகம். (இலங்கைத் தமிழர் இதையே கசகசா என்பார்கள். தமிழ்நாட்டில் கசகசா என்றால் அபினிச் செடியின் விதை. கடிதத்திலோ தொலைபேசியிலோ விதை கேட்டு வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.)

வாசனையை மட்டும் நம்பிப் பெயர் வைப்பதுதான் இந்தப் பேரினத்தில் அதிகம் நடக்கும் தவறு. துளசியில் பொதுவாக யூஜினால் என்ற வாசனைப் பொருள் மிகுந்து கிராம்பு நெடி அடிக்கும். ஆனால் மெத்தில் யூஜினால் மிகுந்த துளசியும் உண்டு. திருநீற்றுப்பச்சையிலோ இனிப்பு, சோம்பு, எலுமிச்சை என்று பல வாசனை வகைகள். மூக்கு சொல்வதைக் கண்ணால் சரிபார்க்க வேண்டும். அதற்கு 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸும், ஒரு குண்டூசியும், மில்லிமீட்டர் கோடுள்ள அளவுகோலும் போதும்.

முதலில் தண்டு. துளசியின் இளந்தண்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் செங்குத்தாக நீட்டிக்கொண்டிருக்கும் முடிகள் தெரியும். திருநீற்றுப்பச்சையின் தண்டு பெரும்பாலும் வழவழப்பு, இருந்தாலும் மிகச் சிறிய முடிகள்தான்.

அடுத்தது பூ. காலையில் விரிந்த பூவை எடுங்கள். துளசிப் பூ 3 முதல் 4 மில்லிமீட்டர், திருநீற்றுப்பச்சை 7, 8 மில்லிமீட்டர், ஏறத்தாழ இரண்டு மடங்கு. இரண்டிலும் மேலுதட்டில் நான்கு மடல், கீழுதடு ஒற்றை மடல். மகரந்தத் தாள் நான்கும் கீழுதட்டின் மேல் சாய்ந்து படுத்திருக்கும். ஆசிமியே கூட்டம் முழுக்கவே இப்படித்தான். புதினாவில் பூ மடல்கள் கிட்டத்தட்டச் சமமாக இருக்கும், தாள்களும் இப்படிப் படுக்காது.

இப்போது புல்லிவட்டத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு அல்லிவட்டத்தை மெல்ல இழுங்கள். தாள்கள் அல்லிக் குழலோடு ஒட்டியிருப்பதால் சேர்ந்தே வரும். குழலை ஊசியால் கீறி ஒரு சொட்டுத் தண்ணீரில் விரித்து, மேலுதட்டுப் பக்கமுள்ள இரண்டு தாள்களின் அடியைப் பாருங்கள். துளசியில் அங்கே முடிகள் மட்டும் இருக்கும். திருநீற்றுப்பச்சையில் பல் போல ஒரு சிறு துருத்தல் குறுக்கே நீட்டிக்கொண்டிருக்கும். முழங்கால் மடக்கினாற்போலத் தெரியும் அந்தப் பல்தான் அடையாளம். வாடிய பூவில் இது குழலோடு ஒட்டிக்கொண்டு கண்ணுக்குத் தெரியாது, ஆகவே பறித்த அரைமணி நேரத்துக்குள் பார்த்துவிடுங்கள்.

கடைசியில் காய்ந்த கதிர். முற்றிய புல்லிவட்டத்தின் வாய்க்குள் பாருங்கள்: துளசியில் முடியே இருக்காது, திருநீற்றுப்பச்சையில் வளையமாக முடி இருக்கும். கதிரைக் கசக்கினால் உதிரும் விதையை (தாவரவியலில் அது விதையன்று, ஓடு மூடிய சிறு கனி) ஒரு வெள்ளைத் தட்டில் போட்டு நனையுங்கள். திருநீற்றுப்பச்சையின் கறுப்பு விதை சுமார் 2 மில்லிமீட்டர், பத்துப் பதினைந்து நிமிடத்தில் உப்பி, கொழகொழவென்று வெள்ளைக் கூழ் போர்த்துக்கொள்ளும். துளசியின் பழுப்பு விதை அதைவிடச் சிறியது, மிஞ்சினால் மெல்லிய படலம் ஒன்று கட்டும், அவ்வளவுதான்.

வழியோரத்தில் கிடைக்கும் நாய்த்துளசி, கஞ்சாங்கோரை எனப்படுவது ஆசிமம் அமெரிக்கானம். பெயர் அப்படி இருந்தாலும் அது அமெரிக்கச் செடி அன்று, ஆப்பிரிக்காவும் ஆசியாவும்தான் அதன் தாயகம். திருநீற்றுப்பச்சைக்கு மிக நெருங்கியது, பூ 4 முதல் 6 மில்லிமீட்டர். காய்த்த புல்லிவட்டம் 5 மில்லிமீட்டருக்குள் அடங்கினால் நாய்த்துளசி, தாண்டினால் திருநீற்றுப்பச்சை. எல்லைக்கோட்டில் மாட்டிக்கொண்டு தவிக்க வைக்கும் செடிகள் பெரும்பாலும் இவை இரண்டின் கலப்பினங்கள். ஆளுயரப் புதராக வளரும் எலுமிச்சந்துளசி ஆசிமம் கிராட்டிசிமம். அதன் காய்த்த புல்லிவட்டத்தில் கீழ்ப்பற்கள் மேலுதட்டோடு அழுந்தி வாயை மூடிக்கொள்ளும், மற்ற மூன்றிலும் வாய் திறந்தே இருக்கும். ஊர்ப் பெயர்கள் மாவட்டத்துக்கு மாவட்டம் இடம் மாறும் என்பதால், இங்கே சொன்ன பூ அடையாளத்தைப் பார்க்காமல் 'காட்டுத்துளசி' என்ற பெயரை மட்டும் கேட்டு எதையும் மருந்துக்குப் பறிக்க வேண்டாம்.

கோலாலம்பூர்ச் சந்தையில் தாய்லாந்துத் துளசி என்று மூன்று விதமான இலை விற்கிறார்கள். எது நம் துளசி?
– வாசகி, மலேசியா

தாய்லாந்தில் கப்ராவ் என்பது நம் துளசியேதான், இறைச்சி வறுவலில் போடுவார்கள். ஹோரப்பா என்பது திருநீற்றுப்பச்சையின் ஒரு வகை, சோம்பு மணம், ஊதாத் தண்டு. மெங்லக் என்பது திருநீற்றுப்பச்சையும் நாய்த்துளசியும் கலந்த கலப்பினம், எலுமிச்சை மணம் வரும்.

நான்கு பட்டைத் தண்டு இருந்தால் துளசிக் குடும்பம் என்று படித்தோம். நிலவேம்புக்கும் நான்கு பட்டைதான். அது ஏன் வேறு குடும்பம்?
– கல்லூரி மாணவர், திருச்சி

பட்டைத் தண்டும் எதிரிலையும் துளசிக் குடும்பத்தில் இருக்கும் என்பது சரி. இருப்பதெல்லாம் துளசிக் குடும்பம் என்பதுதான் தவறு. உண்ணிச்செடிக்கும் பட்டைத் தண்டு உண்டு, அது வெர்பினேசி. நிலவேம்பு அக்காந்தேசி.

காயைப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். நிலவேம்பின் காய் சுமார் 2 சென்டிமீட்டர் நீளத்தில் இருபுறமும் கூரான வெடிகனி. காய்ந்ததும் இரண்டாகப் பிளக்கும், உள்ளே ஒவ்வொரு விதையையும் ஒரு கொக்கி தாங்கிக்கொண்டிருக்கும். பூவில் மகரந்தத் தாள் இரண்டே. துளசியில் தாள் நான்கு, அவற்றில் இரண்டு நீளம், இரண்டு குட்டை. காய்த்த புல்லிக் கிண்ணத்தின் அடியில் நான்கு சிறு கனிகள் உட்கார்ந்திருக்கும். இந்த நான்கையும் லின்னேயஸ் மூடாத விதைகள் என்றே எண்ணி, அதற்கேற்பத் தம் வகைப்பாட்டில் இச்செடிகளின் துறைக்குப் பெயரிட்டார். உண்மையில் இரண்டு சூலக இலைகளும் நடுவில் ஆளுக்கொரு பொய்த்தடுப்பு விழுந்து நான்கு அறையாகின்றன. அறைகள் தனித்தனியே பருத்து, ஆளுக்கு ஒரு விதையோடு பிரிந்து விழுகின்றன. தேர்வில் படம் வரையும்போது சூல்தண்டு இந்த நான்கு மேடுகளின் நடுவே, அடியிலிருந்து கிளம்புவதாகக் காட்டுங்கள். உச்சியில் வரைந்தால் மதிப்பெண் போகும்.

நொச்சியும் தேக்கும் துளசிக் குடும்பம் என்கிறார்களே, மரம் எப்படித் துளசிக்கு உறவாகும்?
– வாசகர், பொள்ளாச்சி

முன்பு இரண்டும் வெர்பினேசியில் இருந்தன. மேலே சொன்ன சூல்தண்டுதான் அதற்குக் காரணம். நொச்சியில் சூல்தண்டு சூற்பையின் உச்சியிலிருந்து கிளம்புகிறது. அடியிலிருந்து கிளம்பினால் லேமியேசி, உச்சியிலிருந்து கிளம்பினால் வெர்பினேசி என்று நெடுங்காலம் கோடு போட்டிருந்தார்கள். 1990களில் அமெரிக்கத் தாவரவியலாளர் பிலிப் காண்டினோவும் மற்றவர்களும் உள்ளமைப்பையும், பிறகு டி.என்.ஏ.வையும் ஒப்பிட்டபோது அந்தக் கோடு பிசகு என்று தெரிந்தது. அடியிலிருந்து கிளம்பும் சூல்தண்டு இந்தக் குடும்பத்துக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை தனித்தனியே உருவாகியிருக்கிறது. அதனால் நொச்சி, தேக்கு, குமிழ், முன்னை, தழுதாழை எல்லாம் லேமியேசிக்கு வந்துவிட்டன. நொச்சி விட்டிகாய்டியே, குமிழும் முன்னையும் பிரேம்னாய்டியே, தழுதாழை அஜுகாய்டியே. தேக்குக்கு 2017இல் டெக்டோனாய்டியே என்று தனித் துணைக்குடும்பமே வகுத்தார்கள்.

வெர்பினேசியில் மிஞ்சியிருப்பவை உண்ணிச்செடி, பொடுதலை போன்றவை. தோட்டத்தில் வேறுபடுத்த ஒரு வழி, பூங்கொத்தைப் பாருங்கள். உண்ணிச்செடியில் பூக்கள் ஓரத்திலிருந்து நடு நோக்கி ஒவ்வொன்றாக மலரும். நொச்சியிலும் துளசியிலும் ஒவ்வொரு சிறு கொத்திலும் நடுப்பூதான் முதலில் மலரும், பக்கப்பூக்கள் பிறகு. துளசிக் கதிரில் ஒரு கணுவுக்கு எதிரெதிராக மும்மூன்று, ஆக ஆறு பூ. மூன்றில் நடுவிலுள்ளது முந்திக்கொள்ளும்.

கூடவே ஒன்று: பூக்கடை மருவும் இந்தக் குடும்பம், ஒரிகானம் மஜோரானா. மருக்கொழுந்து அப்படியன்று, அது சூரியகாந்திக் குடும்பம்.

கற்பூரவல்லிக்குக் கோலியஸ், பிளெக்ட்ராந்தஸ், மறுபடி கோலியஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டே இருக்கிறார்களே?
– சித்த மருத்துவ மாணவி, நாகர்கோவில்

1790இல் போர்த்துகீசியப் பாதிரியார் லூரெய்ரோ கோலியஸ் அம்பாய்னிகஸ் என்று பெயரிட்டார். அம்பாய்னிகஸ் என்பது இந்தோனேசியாவின் அம்பான் தீவைக் குறிக்கும். கோலியஸ் என்பது உறை என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. கற்பூரவல்லிப் பூவைப் பிரித்தால், மகரந்தத் தாள்கள் அடியில் ஒன்றோடொன்று இணைந்து சூல்தண்டை உறைபோல் சுற்றியிருப்பதைக் காணலாம். அந்த ஒரு குணம் மட்டும் தனிப் பேரினத்துக்குப் போதாது என்று 20ஆம் நூற்றாண்டில் பலர் கருதி, அதைப் பிளெக்ட்ராந்தஸில் கரைத்தார்கள். ஆனால் அப்படிப் பெருத்த பிளெக்ட்ராந்தஸ் ஒரே மூதாதையின் வழித்தோன்றல்களை மட்டும் கொண்டதாக இல்லை என்று டி.என்.ஏ. ஆய்வுகள் காட்டின. 2019இல் கியூ தாவரவியல் பூங்காவின் ஆலன் பேட்டனும் உடன் ஆய்வாளர்களும் கோலியஸை மீண்டும் நிறுவி, 294 சிற்றினங்களை அதில் சேர்த்தார்கள்.

ஆகவே இப்போது எழுத வேண்டியது கோலியஸ் அம்பாய்னிகஸ் லூர். 'லூர்.' என்பது லூரெய்ரோவின் சுருக்கம். இடைக்காலப் பெயரில் 'பிளெக்ட்ராந்தஸ் அம்பாய்னிகஸ் (லூர்.) ஸ்ப்ரெங்.' என்று அடைப்புக்குறி இருக்கும். முதலில் பெயரிட்டவர் அடைப்புக்குள், வேறு பேரினத்துக்கு மாற்றியவர் வெளியே. பேரினம் பழையபடி திரும்பியதும் அடைப்புக்குறியும் போய்விடுகிறது. ஆய்வேட்டில் பெயரைத் திருத்திவிட்டு அடைப்புக்குறியை நீக்காமல் விடுவது அடிக்கடி காணும் பிழை. பழைய நூல்களில் வரும் கோலியஸ் அரோமாட்டிகஸும் இதே செடிதான். தென் மாவட்டச் சிறுகிழங்கும், அழகுக்கு வளர்க்கும் பலவண்ண இலைக் கோலியஸும் இதே பேரினத்துக்குத் திரும்பியிருக்கின்றன.

ஹெர்பேரியத்துக்கு (உலர்ந்த செடி மாதிரிகளின் தொகுப்பு) துளசியை அழுத்தினால் இலை கறுத்துவிடுகிறது, பூ உதிர்ந்துவிடுகிறது. என்ன செய்வது?
– தாவரவியல் மாணவி, மதுரை

இலை கறுப்பது மெதுவாகக் காய்வதால். இந்தக் குடும்பத்து இலைகளில் பீனால் பொருட்கள் அதிகம். செல்கள் சாகும்போது அவை காற்றுப் பட்டுக் கறுக்கின்றன. எவ்வளவு விரைவில் ஈரம் போகிறதோ அவ்வளவு பச்சை மிஞ்சும். பனி உலர்ந்த பிறகு, மழை நனையாத கிளையாக 25 முதல் 30 சென்டிமீட்டர் வெட்டுங்கள். பூவும் முற்றிய புல்லிவட்டமும் இரண்டும் அதில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மேலே சொன்ன எந்த அடையாளத்தையும் பின்னால் சரிபார்க்க முடியாது. பூ நிறம், தண்டு நிறம், மணம், உயரம், இடம், தேதியை அங்கேயே எழுதிவிடுங்கள். நிறமும் மணமும் தாளில் தங்காது.

செய்தித்தாளில் விரிக்கும்போது இரண்டொரு இலையைத் திருப்பி அடிப்பக்கம் தெரியும்படி வையுங்கள், எண்ணெய்ச் சுரப்பிப் புள்ளிகள் அங்கேதான். முதல் தாளை 12 மணி நேரத்துக்குள் மாற்றுங்கள், பிறகு நாள்தோறும் மாற்றினால் ஒரு வாரத்தில் காய்ந்துவிடும். மழைக்காலத்தில் 45, 50 டிகிரிச் சூட்டில் காற்றோட்டமுள்ள உலர்த்தியே நல்லது. அதற்குமேல் சூடு போனால் இலை நொறுங்கும்.

அல்லிவட்டம் இயல்பாகவே சீக்கிரம் கழன்றுவிடும், அதைத் தடுக்கப் போராட வேண்டாம். பத்துப் பூவைத் தனியே மடித்த தாளில் அழுத்தி, ஒரு கதிரை 70 சதவீத ஆல்கஹாலில் போட்டுவையுங்கள். காய்ந்த பூவும் உதிர்ந்த சிறு கனிகளும் சிறு உறையில் போட்டு, 42க்கு 28 சென்டிமீட்டர் அட்டையின் மேல் மூலையில் ஒட்டப்பட வேண்டும். பெயர்ச்சீட்டின் இடம் வலது கீழ் மூலை. பூச்சிக்குப் பாதரச மருந்து பூசும் பழைய முறை நச்சு. காற்றுப்புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு ஒரு வாரம் உறைபெட்டியில் வைத்து எடுத்தால் போதும், ஆனால் பை அறைச் சூட்டுக்கு வரும் முன் பிரிக்காதீர்கள், ஈரம் படியும்.

கற்பூரவல்லிக்கு இந்த முறை மட்டும் போதாது. சதைப்பற்றான இலை தாளுக்கிடையிலும் நாள்கணக்கில் உயிரோடிருந்து, பிறகு காம்போடு கழன்று விழும். அழுத்துவதற்கு முன் பூவை மட்டும் வெளியே பிடித்துக்கொண்டு, இலையும் தண்டும் சில விநாடி கொதிநீரில் முங்கும்படி செய்து, துணியில் ஒற்றி எடுத்துவிட்டுத் தாளில் வையுங்கள்.